எதிர்மலை தெரியுதா?

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கூரைத் தகரம் அதிர ஆரம்பித்தபோது வெளியே காற்றே இல்லை. இசபெல் எழுந்து கதவைத் திறந்து பார்த்தாள். லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் கொடியில் போட்டிருந்த சட்டைகள் அசையாமல் தொங்கின, பக்கத்துக் காம்பராவின் கோழிகள் குளிருக்கு ஒடுங்கித் தண்ணீர்க் கான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தன, பள்ளத்துப் பக்கமிருந்து பனி மட்டும் தன் வழக்கப்படி யாரையும் கேட்காமல் படியேறி வந்துகொண்டிருந்தது. ஆனாலும் தகரம் அதிர்ந்தது. முதலில் ஆணி தளர்ந்த இடங்களில் டிக் டிக் என்று தட்டிவிட்டு, பிறகு யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல ஒரே சீராக, நீளமாக அதிர்ந்தது. மேசையில் ஆறிக்கொண்டிருந்த வெறுந்தேத்தண்ணியில் சின்னச் சின்ன வட்டங்கள் எழுந்து கோப்பையின் ஓரத்தில் மோதின.

"ஜெனுஷா, கேக்குதா?"

மகள் பாண் துண்டைக் குழம்பில் தொட்டபடி நிமிர்ந்தாள். "என்னதும்மா?"

"தகரம்."

"தகரத்துக்கு என்ன?"

இசபெல் கோப்பையைத் திரும்பிப் பார்த்தாள். தேத்தண்ணி அசையாமல் இருந்தது. மேலே மெல்லிய ஏடு படிந்திருந்தது.

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

அன்டன் செத்து அன்றோடு நாற்பது நாள். இந்த நாற்பது நாளில் இசபெல் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதை லயத்தில் எல்லோரும் கவனித்து வைத்திருந்தார்கள். கல்லு மாதிரி இருக்கிறாள் என்று சிலர் சொன்னார்கள்; கல்லாவது வெயிலுக்குச் சுடும் என்று வேறு சிலர் சொன்னார்கள். அழுகை வரவில்லை என்றால் வரவில்லை, அதற்கு அவள் என்ன செய்வாள்? சோறு ஆக்கினாள். துணி துவைத்தாள். கல்லறைக்குப் பூ கொண்டுபோனாள். கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்த்த ஜெனுஷா, அப்பாவை அடக்கம் பண்ண வந்தவள், அம்மாவை இந்த நிலையில் விட்டுப்போக மனமில்லாமல் தங்கிவிட்டாள். அவளுக்கு இருபத்தொரு வயது. அன்டனின் கைக்கடிகாரத்தை அவள்தான் கட்டிக்கொண்டிருந்தாள். வார் பெரிதாக இருந்ததால் அது முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

மறுநாள் காலை இசபெல் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தாள். வீட்டுக்குள் இருப்பதைவிட மலையில் நிற்பது மேல் என்று தோன்றியது. கங்காணி செல்லசாமி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எட்டாம் நம்பர் மலைக்கு அனுப்பினார். இந்தத் தோட்டத்தில் தேயிலைக்காடு ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒன்பதாம் நம்பருக்கு அவளை அனுப்பாமல் விட்டதே அவர் காட்டிய பெரிய இரக்கம்.

மலையில் பனி இறங்கினால் ஒரு வழக்கம் இருக்கிறது. கங்காணி ரோட்டில் நின்றபடி, "தெரியுதா?" என்று உரக்கக் கேட்பார். பனிக்குள் இருந்து பெண்கள் எல்லோரும் சேர்ந்து, "தெரியுது!" என்பார்கள். உண்மையில் தெரியாது. முன்னால் நிற்கும் செடியில் கொழுந்து எது முற்றல் எது என்று விரல்தான் சொல்லும், கண் சொல்லாது. ஆனாலும் தெரியுது என்றுதான் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று ஒருத்தி சொல்லிவிட்டால் மலையை மூடி எல்லோரையும் இறக்கி அரைப்பேர் போட்டுவிடுவார்கள், அதாவது அரை நாள் கூலி. அப்படிச் சொன்னவளின் கதி என்ன ஆகும் என்பது அன்று சாயந்தரம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் தெரியும். இது பொய் என்று செல்லசாமிக்கும் தெரியும், தோட்டத்துத் துரைக்கும் தெரியும், யாருக்கும் அதில் வருத்தமில்லை. பதினாறு வயதிலிருந்து இசபெல் இதைச் சொல்லி வருகிறாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சொல் யோசனையில் இருந்து வருவது எப்போதோ நின்றுவிட்டது. யாராவது தெரியுதா என்று கேட்டால் தும்மல் வருவதுபோல வந்துவிடும்.

அன்று பகல் இரண்டு மணிக்குப் பனி இறங்கியது. செல்லசாமி கேட்டார். பெண்கள் சொன்னார்கள். இசபெலும் சொன்னாள். பிறகு பனிக்குள் கொழுந்து ஒடிகிற சத்தமும், ஈரச் செடிகளில் இடுப்பில் கட்டிய படங்கு உரசுகிற சத்தமும், எங்கோ கீழே ஓடைத் தண்ணீர் ஓடுகிற சத்தமும் மட்டும் இருந்தன. அவள் முதுகுக்குப் பின்னால், தோளுக்கு மிக அருகில், ஒரு குரல் கேட்டது.

"அக்கா, தெரியுதா?"

மெதுவான குரல். நோயாளிகளிடம் பேசிப் பழகிய குரல். கூடவே மண்ணெண்ணெய் வாசமும், அதற்கு அடியில் ஆஸ்பத்திரி மருந்து வாசமும் வந்தன.

இசபெல் திரும்பினாள். செடி, செடி, அதற்குப் பின்னால் வெள்ளை. பக்கத்து நிரையில் வீரம்மாவின் தலைத்துணி மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

"வீரம்மாக்கா, யாரு என்னக் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல. கையப் பாரு இசபெல், முத்தலையெல்லாம் போடுற."

யார் கூப்பிட்டது என்று இசபெலுக்குத் தெரியும். அந்தக் குரலை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான், மொத்தமாக அரை மணி நேரம் கேட்டிருக்கிறாள். ஹெலிகொப்டரில் வந்த தாதி, ஹட்டன் ஊர்ப் பிள்ளை, சுலக்ஷனா.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். ஐப்பசி மழையில் மண் சரிந்து நோட்டன் பிரிட்ஜுக்குப் போகும் ரோடு இரண்டு இடத்தில் அறுந்துபோனது. மூன்றாம் நாள், கான் வெட்டிக்கொண்டிருந்த அன்டன் மேல் மரம் விழுந்து இடுப்பு நொறுங்கியது. தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த ஊசியைப் போட்டார்கள். தோட்ட ஆபீஸ் யார் யாருக்கோ போன் செய்து, கடைசியில் நோயாளிகளை ஏற்றும் ஒரு கம்பெனி ஹெலிகொப்டர் கண்டியில் இருந்து வந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில், மண்ணெண்ணெய் வாசம் வீச, அதை இறக்கினார்கள். மைதானம் ஒரு குழி. மூன்று பக்கமும் மலை. வெளியே போக ஒரே ஒரு இடைவெளி. அந்த இடைவெளியின் ஓரத்தில் எதிர்மலை. அதில் வெள்ளையாக ஒரு பாறை. மைதானத்தில் நின்றால் அது தெரியாது, மேலே ஒன்பதாம் நம்பர் மலையின் ரோட்டு வளைவில் நின்றால்தான் தெரியும்.

அன்டனை ஏற்றி முடித்தபோது பனி வந்துவிட்டது. சுலக்ஷனா இறங்கி ஓடிவந்தாள். "அக்கா, மேல அந்த வளைவுக்கு ஓடிப்போய்ப் பாத்துச் சொல்றீங்களா? வெள்ளைப் பாற தெரிஞ்சாதான் மேல எடுக்க ஏலும்னு பைலட் சொல்றாரு. உங்க நம்பரக் குடுங்க, நானே கோல் எடுக்கிறேன்."

இசபெல் அன்டனின் கையைத் தொட்டு, "வந்துர்றேன்," என்றாள். ஓடினாள். வளைவில் போய் நின்றபோது எதிர்மலை இல்லை. பாறை இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்று ஒன்றே இல்லை. போன் அடித்தது.

"அக்கா, எதிர்மலை தெரியுதா?"

"தெரியுது," என்றாள் இசபெல்.

தும்மல் வருவதுபோல வந்தது. அடுத்த மூச்சில், இல்லை இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். போன் வெட்டியிருந்தது. திருப்பிக் கோல் எடுத்தாள், யாரும் எடுக்கவில்லை. கீழே இரைச்சல் கூடியது, ஏறியது, அவள் தலைக்கு மேலே தேயிலைச் செடிகளை எல்லாம் மடக்கிப் படுக்கவைத்துக்கொண்டு போனது, வெள்ளைக்குள் புகுந்தது. நின்றது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஓடுகிற மெஷினை ஒருவர் நிறுத்தினால் எப்படி நிற்குமோ அப்படித்தான் நின்றது.

மூன்று பேர் செத்தார்கள். ரோட்டை வெட்ட ஆள் வருவதற்கு அதன் பிறகும் ஆறு நாள் ஆனது. படம் பிடிக்கிறவர்கள் எப்படியோ மறுநாளே நடந்து வந்து சேர்ந்துவிட்டார்கள். இசபெலிடம் கேட்டவர்களுக்கு எல்லாம் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்: போன் வரவில்லை. ஜெனுஷாவிடமும் அதையேதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவிலுக்குப் பக்கத்து அறையில் வக்கீல் பிரதாப் காத்திருந்தார். ஹட்டனில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருப்பவர். டயகமப் பக்கத்து லயத்தில் பிறந்து படித்து வந்தவர், செத்த மூவரின் குடும்பங்களுக்கும் காசு வாங்காமல் வழக்கை நடத்த முன்வந்திருந்தார். மூலையில் கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்குக் கொண்டுவந்த வைக்கோல் கிடந்தது. ஜெனுஷா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கம்பெனிக்காரங்க என்ன சொல்றாங்கன்னா, பைலட் தன் இஷ்டத்துக்கு எடுத்துட்டாரு, எங்க தப்பு இல்லன்னு. செத்தவரு வந்து பதில் சொல்லப் போறதில்லைன்ற தைரியம்."

"ம்."

"ஆனா ஒண்ணு இருக்கு." அவர் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "சுலக்ஷனாவோட போன் கணக்கு. அன்னைக்கு ரெண்டு ஒம்பதுக்கு உங்க நம்பருக்கு ஒரு கோல் வந்திருக்கு. நீங்க எடுத்திருக்கீங்க. பதினோரு செக்கன்."

ஜெனுஷாவின் கை லேசாக இறுகியது. அறையின் ஜன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியது. மிக மெல்லிய அதிர்வு. வக்கீலுக்கு வைத்திருந்த சோடாக் கிளாஸில் வட்டங்கள் எழுந்தன. அவர் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

"அவங்க என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க, அதான் எனக்கு வேணும். பயப்படாதீங்கம்மா. நீங்க என்ன சொல்லியிருந்தாலும் உங்க தப்பில்ல. அந்தப் பள்ளத்துக்குள்ள ரேடியோ எடுக்கல, பனியப் பாத்துச் சொல்ல ஒரு ஆள அவங்க வச்சிருக்கல. கொழுந்து பறிக்கிறவங்ககிட்ட போன்ல கேட்டு ஹெலிகொப்டர் எடுக்கிறதா? நம்ம கேஸே அதுதான். நீங்க நடந்ததச் சொன்னா மூணு குடும்பத்துக்கும் நியாயம் கெடைக்கும்."

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. அப்போது ஜெனுஷாவின் மணிக்கட்டில் அன்டனின் கடிகாரம் கண்ணில் பட்டது. உங்க அப்பாவைக் கொன்றது என் வாய் என்று, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படிச் சொல்வது? எந்தத் தாய் சொல்வாள்?

"இரைச்சல்தான் சார் வந்துச்சு. ஒண்ணும் வெளங்கல."

"பதினோரு செக்கனுமா?"

"ஆமா சார்."

"நீங்க ஒண்ணும் சொல்லல?"

"ஹலோ ஹலோன்னேன். அவ்வளவுதான்."

ஜன்னல் கண்ணாடி சட்டென்று அடங்கியது. கேட்டுக்கொண்டிருந்த ஆள் எழுந்து போனதுபோல இருந்தது.

பிரதாப் எழுதிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை மூணு மணிக்குச் சத்தியம் வாங்குற ஜே.பி.யக் கூட்டிக்கிட்டு வர்றேன். இதையே சத்தியக்கடதாசியா எழுதிக் கையெழுத்துப் போடணும். சத்தியம்மா அது, யோசிச்சுக்கோங்க." எழுந்தவர் தயங்கி நின்றார். "சுலக்ஷனாவோட அம்மா தெனமும் எனக்குப் போன் எடுக்கிறாங்க. நஷ்ட ஈடு பத்தியெல்லாம் கேக்குறதில்ல. எம்புள்ள கடைசியா என்ன பேசுச்சுன்னு மட்டுந்தான் கேக்குறாங்க."

வீட்டுக்கு ஏறும் வழியில் ஜெனுஷா கொஞ்ச தூரம் முன்னால் நடந்தாள். பிறகு, "போனே வரலன்னுதானம்மா எங்கிட்ட சொன்னீங்க?" என்றாள்.

"வெறும் இரைச்சல். வந்தா என்ன, வராட்டி என்ன."

"அந்த இரைச்சல்ல அப்பா குரல் ஏதும் கேட்டுச்சா?"

"இல்ல."

ஜெனுஷா தலையாட்டினாள். கடிகாரத்தை மேலே ஏற்றிவிட்டு நடந்தாள். இரவு சாப்பிடும்போது, நாளையிலிருந்து பெரட்டில் அம்மா பெயருக்குத் தானே போவதாகச் சொன்னாள். இருக்கிற இருப்பில் அம்மா மலையில் விழுந்துவிடுவாளாம். இசபெல் வேண்டாம் என்றாள். மகள் கேட்கவில்லை. பிடிவாதத்தில் அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

திங்கள் பகல் இரண்டு மணிக்குத் தகரம் அதிர்ந்தது, ஒன்பது நிமிஷம் கழித்துப் போன் அடித்தது. அந்த நம்பரை இசபெல் பதிந்து வைத்திருக்கவில்லை, ஆனால் கடைசி நாலு இலக்கத்தை மறக்க முடியுமா? அடித்து ஓயும்வரை அதையே பார்த்தபடி இருந்தாள். செவ்வாய்க்கிழமை போனை அணைத்துவைத்தாள். அணைந்த போன் அடித்தது. புதன்கிழமை அதை அரிசி டின்னுக்குள் புதைத்து மேலே மூடியைப் போட்டாள். அரிசிக்குள் இருந்து அது அடித்தது. டின்னைச் சுற்றி அரிசிமணிகள் துள்ளி விழுந்தன. அவள் மணை மேல் உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கினாள். பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயமும் வேறு யாருக்கோ நடப்பதுபோல எங்கோ தள்ளித்தான் இருந்தது.

வியாழக்கிழமை சாயந்தரம் ஜெனுஷா வாசலில் படங்கை அவிழ்த்தபோது இசபெலுக்கு மண்ணெண்ணெய் வாசம் அடித்தது.

"எங்க போட்டாங்க இன்னைக்கு?"

"ஒம்பதாம் நம்பர்ல. அந்த மலய எத்தன நாளைக்குத்தான் சும்மா போட்டு வப்பாங்க?" ஜெனுஷா தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாள். "ஒரு கூத்தும்மா. செம பனி. கங்காணி ரெண்டு தடவ தெரியுதான்னு கேட்டாரு. ரெண்டாந்தடவ பொம்பளக் குரல்ல."

இசபெலின் கையில் இருந்த கரண்டி நின்றது.

"யாரோ வெளையாடியிருக்காளுக. எல்லாரும் கம்முன்னு இருந்தாங்க. பாவமா இருந்துச்சு, பதில் சொல்லலாம்னு நான் வாயத் தொறந்தேன், அதுக்குள்ள வீரம்மாக்கா கூடையத் தூக்கக் கூப்பிட்டுட்டாங்க. நாளைக்குக் கேட்டா சொல்லணும்."

"சொல்லாத."

"ஏன்?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. மகள் துவட்டுவதை நிறுத்திவிட்டு, கேட்கத் தயாராக, நேராக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதன்னா சொல்லாத. யாரு கேட்டாலும் தெரியலன்னு சொல்லு."

"தெரியலன்னா? அரைப்பேர் போட்டுட்டா அத்தன பேரும் என்னக் கிழிச்சுத் தொங்கப் போட்டுருவாங்க. நீங்க ஒருநாளாச்சும் அப்பிடிச் சொல்லியிருக்கீங்களா?"

இசபெல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். படுத்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். நாளை மூன்று மணிக்கு வக்கீலிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது. அதற்குப் பிறகு ஜெனுஷாவிடம். நாற்பத்தெட்டு நாள் பொறுத்தாயிற்று, ஒருநாளில் என்ன வந்துவிடப்போகிறது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து நல்ல வெயில். ஒரு மணிக்கு லயத்தின் முனையில் நின்று பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஜே.பி. வருகிறார் என்று வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டினாள். தலைவாரினாள். வக்கீலிடம் முதலில் என்ன சொல்வது, அடுத்து என்ன சொல்வது என்று சன்னமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஒன்றேமுக்காலுக்கு வெளிச்சம் மங்கியது.

பள்ளத்தில் இருந்து பனி ஏறியது. வழக்கமான வேகம் இல்லை. படிகளை விழுங்கிக்கொண்டு வந்தது. கோழிகள் எங்கே போயின தெரியவில்லை. தகரம் அதிர்ந்தது. இந்தத் தடவை சுவரும் அதிர்ந்தது. மாதா படத்தின் கண்ணாடி அதிர்ந்தது. அரிசி டின்னுக்குள் போன் அடிக்கத் தொடங்கியது.

ஜெனுஷா ஒன்பதாம் நம்பரில் நிற்கிறாள்.

இசபெல் டின்னுக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். செருப்புப் போடவில்லை. ஓடினாள். லயத்தைத் தாண்டி, பீலிக்கரையைத் தாண்டி, குறுக்குப்பாதையில், நாற்பத்தொன்பது நாளைக்கு முன் ஓடிய அதே வழியில். கைக்குள் போன் அடித்துக்கொண்டே வந்தது. நிற்கவில்லை. அவள் வளைவுக்கு வந்து சேரும்வரை நிற்கவில்லை.

எதிர்மலை இல்லை. பாறை இல்லை. கீழே மைதானத்தின் பக்கம் ஹெலிகொப்டரின் இரைச்சல். எடுக்கத் தயாராக நின்ற இடத்தில் சுற்றுகிற இரைச்சல்.

போனைக் காதில் வைத்தாள்.

"அக்கா, எதிர்மலை தெரியுதா?"

சொல் வந்துவிட்டது. தொண்டையைத் தாண்டி, பல்வரைக்கும். நாக்கைக் கடித்தாள். வாயெல்லாம் ரத்தம் கரித்தது.

"தெரியல," என்றாள். "ஒண்ணுமே தெரியல சுலக்ஷனா. அன்னைக்கும் தெரியல. நான் பொய் சொன்னேன். வாய் பழகிருச்சும்மா, பழக்கத்துல சொல்லிட்டேன். எடுக்க வேணாம்னு அவருகிட்ட சொல்லு. எடுக்காதீங்க."

அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் ஏதோ கேட்டது. அதற்கும் பின்னால் ஒரு முனகல். அந்த முனகலை அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்தவன் அல்லவா.

"அன்டன்," என்றாள். அழுகை வந்தது. இத்தனை நாளும் வராமல் இருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. ரோட்டில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். கீழே இரைச்சல் குறைந்தது. இன்னும் குறைந்தது. அடங்கப்போகிறது, முடியப்போகிறது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

"அப்பிடியா அக்கா," என்றது குரல். கோபம் இல்லை. களைப்புத்தான். "பரவால்ல. இருங்க, கீழ நிக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாக்கிறேன்."

போன் வெட்டியது. திரையில் பேசிய நேரம் பதினொரு விநாடி என்று இருந்தது.

கீழே நிற்கிறவர்கள்.

இசபெல் எழுந்தாள். வளைவின் ஓரத்துக்கு வந்தாள். கீழே ஒன்பதாம் நம்பர்ச் சரிவில் பனி. பனிக்குள் கொழுந்து ஒடிகிற சத்தம். முப்பது பேரின் கைகள்.

"தெரியுதா?"

கங்காணியின் குரல் அல்ல.

"ஜெனுஷா!" என்று கத்தினாள். "சொல்லாத! ஜெனுஷா, சொல்லாதடி!"

பனி அதை அப்படியே குடித்துவிட்டது. கொழுந்து ஒடிகிற சத்தம் நின்றது. ஒரு மூச்சு.

"தெரியுது!"

இளம் குரல். தெளிவான குரல். அவள் பெற்ற குரல்.

அடுத்து வீரம்மா. அடுத்து மற்றவர்கள். வழக்கம்போல, எல்லோரும் சேர்ந்து.

"தெரியுது!"

இரைச்சல் எழுந்தது. மைதானத்தில் இருந்து கிளம்பியது. ஏறியது. இசபெலின் தலைக்கு மேலே வந்தது. சேலை உடம்போடு ஒட்டியது. மண்ணெண்ணெய். மருந்து. ரத்தம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை.

சரிவில் பனி வட்டமாகக் கிழிந்தது. வட்டத்துக்குள் தேயிலைச் செடிகள் தரையோடு படுத்தன. வட்டம் நகர்ந்தது. நிரை நிரையாக. அதற்குள் அகப்பட்ட பெண்கள் அசையவில்லை. ஓடவில்லை. கூடையோடு நின்றார்கள். முகம் மேலே. வாய் திறந்து. தலைத்துணிகள் பறந்து போயின, ஒருத்தியும் பிடிக்கவில்லை. வட்டம் அவர்களைத் தாண்டியது. இன்னும் கீழே போனது.

ஜெனுஷாவிடம் வந்து நின்றது.

அவள் மட்டும் வலது கையைத் தூக்கியிருந்தாள். கடிகாரம் முழங்கைவரை இறங்கியிருந்தது. வண்டியை வளைவில் பின்னுக்கு எடுக்கும்போது கிளீனர் காட்டுவானே, அப்படி உள்ளங்கையை மடக்கி மடக்கி, மேலே இருக்கும் எதையோ தன் பக்கம் அழைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க," என்றாள். "தெரியுது. எறங்குங்க."

அவளைச் சுற்றிப் படுத்துக் கிடந்த தேயிலைத் தூர்கள், மேலிருந்து இறங்கும் கனத்தில், ஒவ்வொன்றாக முறியத் தொடங்கின.